மூன்றடி உள்ளே ஒரு வாசல்

மடத்துவெளி,
புங்குடுதீவு.
22.04.1984

அன்புள்ள அத்தானுக்கு,

நயினை அம்மாளாச்சியின் காவலில் நானும் பிள்ளை மனோகரியும் சுகம். அந்த மஸ்கற் வெயிலில் நீங்களும் தலைக்குத் துவாய் கட்டி, நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேணும் என்று வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வைக்கிறேன். நீங்கள் அனுப்பின படம் கிடைத்தது. றோலருக்கு மேல் ஏறி நிக்கிறீங்கள். றோலர் நல்லாய்க் கொழுத்திருக்கு, நீங்கள்தான் ஓடாய்த் தேய்ந்துபோய் இருக்கிறீங்கள். மனோகரி அதை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, வாற போற ஆட்களுக்கெல்லாம் இது எங்கடை அப்பா போடுற றோட்டு என்று காட்டிக்கொண்டிருக்கிறாள்.

நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். உங்கடை தங்கச்சி அன்னபூரணம் முழுகாமல் இருக்கிறாள். இது மூன்றாம் மாதம். தானே எழுத வெட்கப்பட்டு, மச்சாள், நீங்களே அண்ணைக்கு எழுதிவிடுங்கோ என்று என்னிடம் விட்டிட்டாள். அவள் மனிசன் அம்பலவாணருக்குக் கால் நிலத்தில் இல்லை. புகையிலைத் தோட்டத்தை மறந்துபோய் அவளுக்குப் பின்னாலேயே திரிகிறார். ஐப்பசிக் கடைசியில் பிள்ளை பிறக்கும் என்று பெரியாசுபத்திரி டொக்டர் சொன்னவராம். இந்த வயதில் கவனமாய் இருக்க வேணும், குலுக்குகிற வாகனத்தில் ஏறக் கூடாது, வலி கண்டால் வீட்டில் வைத்து மினக்கெடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினவராம்.

ஐப்பசிக் கடைசி என்றால் நல்ல மாரி. அதை நினைக்கத்தான் எனக்குப் பயம். அன்னத்தின் முந்தின பிள்ளைப்பேறும் மாரியில்தானே அத்தான். எமிலியானுஸின் வாடகைக் கார் வெள்ளத்துக்குள் வராது என்று பெரிய றோட்டில் நிக்க, நாலு ஆம்பிளைகள் அவளைச் சாப்பாட்டுக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு ஓடினீங்கள். முன்னுக்குப் பிடித்த நீங்கள் தண்ணிக்குள் குழியும் கிடங்கும் தெரியாமல் விழுந்தீங்கள். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. விழுந்ததால் இல்லை, பிந்தி வந்ததால்தான் என்று டொக்டர் தெளிவாய்ச் சொன்னவர். நீங்கள் அதை நம்பவே இல்லை. அடுத்த வருஷமே பாஸ்போட் எடுத்துக்கொண்டு போயிட்டீங்கள். குத்திக்காட்ட எழுதவில்லை. இந்த முறை அப்படி ஒன்று நடக்க விடமாட்டேன், அதற்குத்தான் எழுதுகிறேன்.

இப்போது எங்கடை உள்றோட்டு அப்போதையிலும் மோசம். போன ஆடிக் கலவரத்தில் தெற்கிலே கடை கண்ணி எல்லாவற்றையும் விட்டிட்டு ஓடிவந்த சனம் இஞ்சை வீடு கட்டுது. பொழுது விடிந்தால் கல்லு லொறியும் மணல் லொறியும் எங்கடை வாசலால்தான். மாட்டுவண்டில் போறதுக்குப் போட்ட றோட்டு லொறியைத் தாங்குமோ? நீங்கள் போன பிறகு றோட்டுப் போடக் கொந்தறாத்து எடுத்து வந்த ஒருத்தர் மணலுக்கு மேல் கல்லைப் பரப்பி, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுற மாதிரித் தாரைத் தடவிப்போட்டுப் போனவர். அது ஒரு மாரிக்குக்கூட நிக்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு எங்கடை வாசல் படலைக்கு நேரே பஸ்ஸின் வில்லுத்தகடு முறிந்தது. சாரதி மயில்வாகனம் இறங்கிப் பார்த்திட்டு, அக்கா, இனி நீங்கள் தோணி கட்டித்தான் யாழ்ப்பாணம் போக வேணும் என்றார். அன்றோடு பஸ் உள்ளுக்கு வாறதில்லை. எமிலியானுஸும் மழை பெய்தால் தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று இப்பவே கையை விரித்திட்டார்.

ஊர்ச் சங்கத்தால் மனுக் கொடுத்து, மாரிக்கு முன் திரும்பப் போட்டுத்தாறதாய் றோட்டுக் கந்தோரில் ஓம் பட்டிருக்கினம். ஓவசியர் அளக்க வருவாராம். அங்கே நீங்கள் றோட்டை எப்படிப் போடுறீங்கள், எது எதைப் பார்க்க வேணும் என்று எனக்கு விளக்கமாய் எழுதுங்கோ. இந்த முறை ஒருத்தரும் எங்களைப் பேய்க்காட்ட ஏலாது. நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

உடம்பைக் கவனியுங்கோ. அம்மாளாச்சி துணை.

உங்கள் அன்பு மனைவி,
இராசேஸ்வரி


மடத்துவெளி,
17.06.1984

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம், உங்கடை சுகம் கேட்டு எழுதுகிறேன். டவுனில் ஊரடங்கு என்று தபால் எல்லாம் பிந்தித்தான் வருகுது. உங்கடை கடிதம் போன கிழமைதான் கிடைத்தது. அன்னம் தன்னைப் பற்றி நீங்கள் எழுதின பக்கத்தை வாங்கி வாசித்து, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. புளிமாங்காய் கேட்டு அம்பலவாணரைத் தீவு முழுக்க ஓட்டுகிறாள்.

றோட்டுப் போடுற விதத்தை நீங்கள் எழுதியிருந்ததை வாசிக்க, சத்தியமாய் நானும் அந்த வெயிலில் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது. முதலில் நிலத்தைக் கிளறித் தண்ணி தெளித்து இறுக்கிறது, பிறகு பெரிய கல்லு, அதுக்கு மேல் சின்னக் கல்லு, ஒவ்வொரு படைக்கும் றோலர், நடுமுதுகை உயர்த்திக் கரைக்குச் சரிவு, கரையில் வாய்க்கால். நீங்கள் உருட்டின துண்டு ஒன்று இறுகவில்லை என்று எஞ்சினியர் முழுக்கக் கிண்டச் சொல்ல, வாய்க்குள் ஏசிக்கொண்டு கிண்டினீங்களாம். வாசித்துச் சிரித்தேன். கடைசியில் எழுதியிருந்தீங்கள், றோட்டைத் தின்னுறது லொறிச் சில்லு இல்லை, தண்ணிதான், தண்ணிக்கு வழி விட்டால் லொறியையும் தாங்கும், விடாட்டில் தங்கத்தால் போட்டாலும் நில்லாது என்று. அந்த வரியை நான் பாடமாக்கி வைத்திருக்கிறேன்.

ஓவசியர் வந்தபோது அதைத்தான் சொன்னனான். அவர் கெட்டிக்காரப் பொடியன். அக்கா, நூற்றுக்கு நூறு சரி, ஆனால் வாய்க்காலை எங்கே வெட்ட, உங்கடை வளவுக்குள்ளையோ என்று கேட்டார். நாடாவைப் பிடித்துக் காட்டினார். றோட்டுக்கென்று விட்ட அகலத்தில் எங்கடை பக்கம் மூன்றடியைக் காணவில்லை. எதிர்ப்பக்கமும் அப்படித்தான்.

அது எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியாதோ? இந்த ஊரில் வேலி அடைக்கிற எவராவது பழைய கதியாலுக்கு உள்ளுக்குப் புதுக் கதியால் நட்டதுண்டோ? எல்லாம் வெளியாலைதான். எங்கடை வளவுக்குள்ளேயே பழைய பூவரசங்கட்டைகள் வரிசையாய் நிக்குது. உள்வரிசை ஐயா காலத்து வேலி. நடுவரிசை எங்கடை கலியாணத்துக்கு அடைத்தது. இப்போது நிக்கிறது நீங்கள் மஸ்கற்றுக்குப் போக முன் அடைத்தது. இரண்டு பக்கமுமாய்ச் சேர்ந்து வாய்க்காலைத் தின்றுபோட்டு, தார் காணாது, தார் காணாது என்று கத்தியிருக்கிறோம். கொந்தறாத்துக்காரரும் கள்ளன்தான், அது வேறை கதை. தனக்குத் தனக்கெண்டால் நாழியும் பதக்குக் கொள்ளுமாம்.

ஓவசியர் ஒரே சொல்லாய்ச் சொல்லிப்போட்டார். வாய்க்கால் இல்லாமல் கல்லைக் கொட்டுறது கடலுக்குள் கொட்டுறது மாதிரி. ஆவணிக்குள் வேலி உள்ளுக்குப் போனால்தான் கல்லு இறங்கும், இல்லாட்டில் அதே கல்லு சரவணை ஊருக்குப் போயிடும். சங்கக் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினவை. வீட்டுக்கு வந்ததும், முதலில் நீங்கள் தள்ளுங்கோ, நாங்கள் பார்த்துத் தள்ளுறம் என்று ஆளையாள் பார்த்துக்கொண்டு நிக்கினம். றோட்டு தொடங்குற முனையும் கிடங்கு கூடின இடமும் எங்கடை படலையும் எதிர்வீடும்தான். அதால் எல்லாரின்ரை கண்ணும் எங்கடை இரண்டு வேலியிலும்.

எதிர்வீட்டு இராசநாயகம் அண்ணை ஒரு விரலும் அசையமாட்டாராம். அங்கே கடை போச்சு, வீடு போச்சு, உடுத்த உடுப்போடை கப்பலில் வந்து இறங்கினனான், மிஞ்சினது இந்த வேலி ஒன்றுதான், இதையும் விடச் சொல்லுறீங்களோ என்று ஓவசியரைக் கேட்டாராம். அவரில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி மதில் விஷயம். ஓவசியர் அளக்க முன் வேலி நிக்கிற இடத்திலேயே மதிலைக் கட்டும், கட்டின மதிலை ஒருத்தனும் உடைக்கமாட்டான் என்று எழுதியிருக்கிறீங்கள். ஒரே கடிதத்தில் முன்பக்கம் வாய்க்கால் இல்லாமல் றோட்டு நில்லாது என்றும், பின்பக்கம் வாய்க்காலுக்கு மேல் மதில் கட்டும் என்றும் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஊருக்கு உபதேசம் என்றால் இதுதான். உங்கடை ஆசை எனக்கு விளங்காமல் இல்லை. வெயிலில் காய்ந்து உழைக்கிறீங்கள், வெளிநாட்டுக்காரர் வீடு எல்லாம் மதிலோடு நிக்க எங்கடை வளவு மட்டும் ஓலை வேலியோடு நிக்குது. கட்டுவோம். மூன்றடி உள்ளுக்குக் கட்டுவோம். ஓம் என்று ஒரு வரி எழுதுங்கோ, எனக்கு அது காணும். வெள்ளம் வருமுன் அணை கோல வேணும்.

அன்னத்துக்காக எழுதுங்கோ. அம்மாளாச்சி உங்களுக்கு நல்ல புத்தியும் நல்ல சுகமும் தர வேணும்.

உங்கள் அன்பு மனைவி,
இராசேஸ்வரி


மடத்துவெளி,
02.09.1984

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாய் இருக்க வேண்டுகிறேன். கோபத்தோடு இருக்கிற ஆளுக்கும் சுகம் வேணும்தானே.

உங்கடை கடிதம் கிடைத்தது. நீர் எப்ப பெரிய றோட்டு எஞ்சினியர் ஆனனீர், ஆம்பிளை இல்லாத வீடு என்று ஊரவை உம்மை ஏமாத்தினம் என்று எழுதியிருக்கிறீங்கள். அதைக்கூடப் பொறுப்பேன். கடைசி வரியில், வேலி ஒரு அடி உள்ளுக்குப் போனாலும் நயினை அம்மாளாச்சி ஆணை, அந்த வாசலை நான் மிதிக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறீங்கள். அத்தான், அப்படி ஒரு ஆணையைப் பேனையால் எழுதலாமோ? அன்றைக்கு நான் அடுப்பு மூட்டவில்லை. பிள்ளை பாணும் வாழைப்பழமும் தின்றிட்டுப் படுத்தது. அழுதேன். உங்களில் வந்த கோபத்தில் அழுதேனோ, உங்களைக் காணாமலே போயிடுவேனோ என்ற பயத்தில் அழுதேனோ, எனக்கே தெரியாது.

அடுத்த நாள் காலமை படலையைத் திறந்தால், இரண்டு வீடு தள்ளி இருந்து அன்னம் வருகிறாள். எனக்குப் பாலப்பம் சுட்டுக் கொண்டுவருகிறாள். காலெல்லாம் வீங்கி, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கிடங்குக் கிடங்காய்ப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்ய? உங்கடை ஆணையைப் பற்றி அவளுக்கு மூச்சு விடவில்லை. சொன்னால் எனக்குப் பிள்ளையும் வேண்டாம், அண்ணை வந்தால் காணும் என்று சொல்லக்கூடியவள் அவள்.

அன்று மத்தியானமே வேலியைப் பிரித்தேன். முதல் கதியாலை நானே கத்தியால் தறித்தனான். இது என்ரை சீதனக் காணி, அம்மா எனக்குத் தந்தது என்று உங்களோடு சட்டம் கதைக்க நான் வரவில்லை. கதைக்க வெளிக்கிட்டால் அதுவும் ஒரு நியாயம்தான். அந்த மூன்றடி அம்மா தந்ததும் இல்லை, நீங்கள் உழைத்ததும் இல்லை, றோட்டினது. அம்பலவாணரும் இரண்டு ஆட்களும் பழைய உள்வரிசைக் கட்டைகளோடு புது வேலியை நட்டவை. மதிலுக்கு நீங்கள் அனுப்பின காசு அப்படியே கிடக்குது. ஒரு சதமும் தொடவில்லை.

எங்கடை வேலி போனதைப் பார்த்ததும் கீழே உள்ள வீட்டுக்காரர் எல்லாம் தங்கடை வேலியைப் பிரிக்கத் தொடங்கினவை. அதுக்குப் பிறகு விண்ணாணக் கதைகளும் தொடங்கிச்சு. இராசநாயகம் அண்ணை தன்ரை படலையில் நின்று, புருஷன் பாலைவனத்தில் வேகிறான், இவள் வளவைத் தானம் பண்ணுறாள் என்று என் காது கேட்கச் சொன்னார்.

அவரின்ரை வேலி நிக்கிற துண்டில் மட்டும் அந்தப் பக்கம் வாய்க்கால் இல்லை. அங்கே நடுமுதுகு வைக்காமல் றோட்டு முழுவதையும் எங்கடை பக்கம் சரித்துப் போடுறேன் என்றார் ஓவசியர். அவரின்ரை பக்கத்துத் தண்ணியும் எங்கடை வாய்க்காலுக்கு வரும். நல்ல மழைக்கு ஒரு வாய்க்கால் தாங்காது, பொங்கி வளவுக்குள் ஏறும் என்றும் சொன்னார். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அவரின்ரை மனிசி நாகபூசணி அக்கா குடத்தோடு கோயில் கிணற்றுக்குப் போறதைக் கண்டபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. அவர்களுடைய கிணறு வாயில் வைக்க ஏலாத உவர். வீட்டுக்குப் பின்னால் முந்திக் கல்லு வெட்டின பெரிய கிடங்கு ஒன்று சும்மா கிடக்குது. மாரித்தண்ணியை அதுக்குள் இறக்கினால் வருஷம் போகப் போகக் கிணறு தெளியும் என்று இந்தத் தீவில் ஆருக்குத் தெரியாது?

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணை, உங்கடை நிலம் எனக்கு வேண்டாம், எங்கடை தண்ணியை நீங்கள் எடுங்கோ, றோட்டுக்குக் கீழாலை குழாய் வைத்து உங்கடை கிடங்குக்கு விடட்டும் என்றேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகபூசணி அக்காதான் குசினிக்குள் இருந்து வந்து, நீங்கள் போன கடையை நினைச்சு நினைச்சு இருங்கோ, நான் தண்ணி சுமந்து சாகிறன் என்று போட்டாளே ஒரு போடு! அவர் எழும்பிச் சால்வையை உதறினார். வேலி அசையாது, வேணுமெண்டால் வேலிக்குக் கீழாலை தண்ணி போகட்டும் என்றார். எனக்கு அது காணும்.

றோட்டு வேலை தொடங்கிப் போன கிழமை முடிந்தது. அடியில் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லு, மேலே லொறியில் வந்த கருங்கல்லு. தண்ணி தெளிக்காமல் உருட்டப் பார்த்தவை. தண்ணிக்கு எங்கே போக என்று கேட்க, எங்கடை கிணற்றைத் திறந்து விட்டேன். குடிக்க உதவாத அந்த உவர்த்தண்ணிக்கும் ஒரு காலம் வந்தது. ஒரு இடம் காலால் உதைக்கப் பொருபொருத்தது. மஸ்கற்றில் என்றால் இதைக் கிண்டச் சொல்லுவினம் என்றேன். றோலர்காரர் முறைத்தார், ஓவசியர் சிரித்தார், கிண்டித் திரும்ப உருட்டினவை. உங்களை நினைத்துக்கொண்டுதான் நின்றேன், தெரியுமோ?

தார் ஆறுமட்டும் பாரம் விடக்கூடாது என்று ஓவசியர் சொல்லிப்போட்டுப் போக, ஒரு மணல் லொறி உறுமிக்கொண்டு வந்தது. நான் எங்கடை சாப்பாட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் நடு றோட்டில் போட்டுக் குந்தினேன். அன்னத்தைத் தூக்கின அதே கதிரை. லொறிக்காரர் கத்தினார், கும்பிட்டார், கடைசியில் பெரிய றோட்டில் கொட்டிப்போட்டுப் போனார். இப்போது எல்லா லொறிக்காரரும் மாரி முடியுமட்டும் அரை லோட்டுத்தான் ஏத்துறது என்று சங்கத்தில் ஒத்துக்கொண்டிருக்கினம். சனம் என்னைக் கதிரைக்காரி என்று கூப்பிடுது. கூப்பிடட்டும்.

எழுத இன்னும் கிடக்குது, தாளில் இடம் முடியுது. ஏசியாவது எழுதுங்கோ. ஒன்றும் எழுதாமல் மட்டும் இருந்திடாதேங்கோ.

உங்கள் அன்பு மனைவி,
இராசேஸ்வரி


மடத்துவெளி,
25.11.1984

அன்புள்ள அத்தானுக்கு,

ஆவணிக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வங்கிக்குக் காசு வந்தது, மனோகரியின் பிறந்தநாளுக்கு வாழ்த்து மட்டையும் வந்தது, எனக்கு ஒன்றும் வரவில்லை. சரி. நான் எழுதுவேன். நீங்கள் சுகமாய் இருக்கிறீங்கள் என்று அந்த மட்டையில் இருந்த கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கை நடுங்காமல் எழுதியிருக்கிறீங்கள்.

இந்த முறை மாரி பொல்லாத மாரி. முதல் மழைக்கு நான் குடையைப் பிடித்துக்கொண்டு படலையில் நின்றனான். மனோகரி, அம்மாவுக்கு விசர் என்று சிரித்தாள். தண்ணி றோட்டில் தங்கவே இல்லை. சரிவால் இறங்கி, வாய்க்காலால் ஓடி, குழாய்க்குள் சளசள என்று போய் இராசநாயகம் அண்ணையின் கிடங்குக்குள் விழுந்தது. அங்கே இப்போது தவளைக் கச்சேரி. கிணற்றில் உவர் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கு என்று நாகபூசணி அக்கா சொல்லுகிறா. ஒரு மழையோடு குறையாது, அவவின் ஆசை அப்படிச் சொல்லுது. எல்லாம் திறம் என்று நான் பொய் எழுத மாட்டேன். இராசநாயகம் அண்ணையின் வேலியோரம் றோட்டுக் கரை வெடிக்கத் தொடங்கியிருக்கு. முதலில் போறது அந்த இடம்தான் என்று ஓவசியரும் அப்பவே சொன்னவர். மாரி முடியத் திரும்பவும் அண்ணையிடம் கதைக்கப் போறேன்.

இனி முக்கியமான செய்தி. போன புதன்கிழமை மத்தியானம், மூன்று நாளாய் விடாத மழைக்குள், அன்னத்துக்கு வலி கண்டது. இப்போது இரவில் றோட்டில் வாகனம் ஓட ஏலாத காலம். பகலில் வந்தது அம்மாளாச்சியின் புண்ணியம். அம்பலவாணர் தோட்டத்தில். நான் கத்தின சத்தத்துக்கு ஓடி வந்தது ஆர் என்று நினைக்கிறீங்கள்? இராசநாயகம் அண்ணை. உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளை எடுத்து எமிலியானுஸிடம் பறந்தார். இந்த மழைக்குள் அந்த மனிசன் வருமோ, வராதோ என்று படலைக்கும் அறைக்கும் நடந்தபடி இருந்தேன்.

கார் வந்தது அத்தான். உள்றோட்டால் நேரே வந்து, அன்னத்தின் படலைக்கே வந்து நின்றது. சில்லு பாதிகூட நனையவில்லை. எமிலியானுஸ் கண்ணாடியை இறக்கி, அக்கா, நான் வழிமாறி வேறை ஊருக்கு வந்திட்டனோ என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்னம் தன்ரை காலாலேயே நடந்து போய்க் காரில் ஏறினாள். யாழ்ப்பாணத்துக்குப் போற தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல் காற்றோடு எழும்பி அடிக்க, நான் அவளின் கையைப் பிடித்துக்கொண்டு உங்கடை அம்மாளாச்சியை, நீங்கள் ஆணையிட்ட அதே அம்மாளாச்சியைத்தான் கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

பிள்ளையின் கழுத்தில் கொடி சுத்தியிருந்ததாம். நேரத்தோடு கொண்டுவந்தபடியால் தப்பினது என்று டொக்டர் சொன்னார். பொம்பிளைப்பிள்ளை. தலை நிறைய மயிர், உங்கடை மூக்கு. இருவரும் நல்ல சுகம். அன்னத்துக்கு மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் என்ன கேட்டாள் தெரியுமோ? பிள்ளையைக் கேட்கவில்லை. மச்சாள், அண்ணைக்கு எழுதுங்கோ, இந்த முறை ஒருத்தரும் விழேல்லை எண்டு எழுதுங்கோ என்றாள். அத்தான், அவள் உங்களை ஒருநாளும் குறை நினைக்கவில்லை. நீங்கள்தான் மூன்று வருஷமாய் அந்தக் கிடங்குக்குள்ளேயே கிடக்கிறீங்கள். எழும்புங்கோ.

நேற்று மழை விட்ட நேரம் பார்த்துக் குறிகட்டுவானுக்குப் போய், வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போனனான். உங்கடை பெயரில் அருச்சனை செய்தேன். கோபத்தில் எழுதினவர், மனதால் எழுதவில்லை, பொறுத்துக்கொள் தாயே என்று தலை நிலத்தில் முட்டக் கும்பிட்டேன். திரும்பி வரும்போது பஸ் எங்கடை உள்றோட்டுக்குள்ளேயே வந்து இறக்கினது. மயில்வாகனம், இறங்குங்கோ கதிரைக்கார அக்கா என்றார்.

மாரிக்கு முன் நட்ட கதியால் எல்லாம் துளிர்த்திட்டுது. மதிலுக்கு இன்னும் அத்திவாரம் வெட்டவில்லை. கயிறு பிடிக்க நீங்கள் வேணும். அன்னம் பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தாய்மாமன் வந்து வைக்கட்டும் என்று பிடிவாதமாய் இருக்கிறாள்.

உங்கடை ஆணை முறியும் என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். நீங்கள் மிதிக்கமாட்டேன் என்ற வாசல் இப்போது இல்லை. அந்த இடத்தில் வாய்க்கால் ஓடுது. நான் புது வாசல் வைத்திருக்கிறது மூன்றடி உள்ளுக்கு. அதன்மேல் நீங்கள் ஒரு ஆணையும் இடவில்லை. கார் படலை வரைக்கும் வரும். வாருங்கோ அத்தான்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
இராசேஸ்வரி